உணர்வு மரத்தபோதும் உடனிருக்கிறவர்

தியானப் பாடம்
வாசிக்க: ஆதியாகமம் 28:10–22, சங்கீதம் 88, லூக்கா 24:13–35



மருத்துவமனை ஊழியத்தை ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கிவரும் உங்களோடு, தேவனுடைய சமீபத்தைக் குறித்து இம்முறை தியானிக்க விரும்புகிறோம். இந்தப் பாடத்தை நாங்கள் வேதாகமக் கல்லூரியில் கற்கவில்லை. கொல்லிமலையில் ஒரு தாயும், காலில் முள் ஏறிய ஒரு விவசாயியும் எங்களுக்குக் கற்பித்தார்கள்.

ஒரு தாயின் கேள்வி

சில மாதங்களுக்கு முன் எங்கள் மருத்துவக் குழுவோடு ஆலத்தூர் நாட்டில் இரண்டு நாட்கள் தங்கியிருந்தோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் வெயில் தணிந்து பனிமூட்டம் வந்து சூழ்ந்துகொள்கிறது. மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக்கொடியும், நிழலில் காப்பிச் செடியும், பள்ளத்தில் அடுக்கடுக்காக நெல்வயலும், மேட்டில் மரவள்ளியுமாக அழகான நாடு அது.

முதல் நாள் மாலை ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. தேவன் நமக்குச் சமீபமாக இருக்கிறார் என்பதைக் குறித்தே பேசினோம். கூட்டம் முடிந்து எல்லாரும் போனபின் ஒரு தாய் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, எம்மவன் போயி ரெண்டு வருசம் ஆச்சுங்க. தெனமும் ஜெபம் பண்றேன். செவுத்துக்கிட்ட பேசற மாதிரியே இருக்குது. ஆண்டவரு பக்கத்துல இருக்கறாருன்னு சொல்றீங்க. எனக்கு ஒண்ணுமே தெரியலீங்களே. என்னைய விட்டுட்டாருங்களா?"

வாலிபப் பிராயத்தில் இந்த ஊழியத்துக்கு வந்தபோது இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நாங்கள் உடனே ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். பின்பு எங்கள் சொந்த வீட்டிலேயே மரணம் வந்தது. அந்த வருஷம் முழுவதும் மற்றவர்களுக்காக ஜெபித்த எங்கள் வாய், எங்களுக்காக ஜெபிக்கத் திறந்தபோது வறண்டு கிடந்தது. ஆகையால் அந்த அம்மாளுக்கு உடனே பதில் சொல்ல எங்களுக்குத் துணிவு வரவில்லை. ஜெபித்து அனுப்பினோம். இரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

காலில் ஏறிய முள்

மறுநாள் காலை முகாமுக்கு முதலாவது வந்தவர் ஒரு விவசாயி. பல வருஷங்களாகச் சர்க்கரை நோய் உள்ளவர். நொண்டாமல், சாதாரணமாகவே நடந்துவந்தார். கூட வந்த மனைவிதான் பதறினார். வீட்டுத் தரையில் இரத்தக் கறையைக் கண்டு, அது எங்கிருந்து வருகிறது என்று தேடி, கணவருடைய பாதத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளங்காலில் முள் ஆழமாக ஏறிப் புண் சீழ் பிடித்திருந்தது. அந்த முள்ளோடுதான் அவர் நான்கு நாட்கள் காட்டு வேலை செய்திருக்கிறார்.

"முள்ளு குத்துனா வலிக்குமுங்களே. வலிக்கலை. அதனால முள்ளு இல்லைன்னு இருந்துட்டேனுங்க" என்றார் அவர்.

கட்டுப்போட்ட சிஸ்டர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "இனிமே காலை நம்பாதீங்க அண்ணா. கண்ணை நம்புங்க. தெனமும் ராத்திரி விளக்கு வெச்சுப் பாதத்தைப் பாருங்க" என்று சொன்னார்.

பக்கத்தில் நின்ற எங்களுக்கு முந்தின நாள் மாலைக் கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. வலிக்கவில்லை, ஆகையால் முள் இல்லை என்று அவர் நினைத்தார். தேவனை உணர முடியவில்லை, ஆகையால் தேவன் அருகில் இல்லை என்று நாம் நினைக்கிறோம். இரண்டும் ஒரே தவறுதான். உணர்வு மரத்துப்போனதால் உள்ளது இல்லாததாகிவிடாது.

யாக்கோபு அறியாத இடம்

ஆதியாகமம் 28-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். யாக்கோபு வீட்டைவிட்டு ஓடுகிறான். தகப்பனை ஏமாற்றிய குற்றம் ஒருபுறம், அண்ணனுடைய கோபம் மறுபுறம். சூரியன் அஸ்தமித்த இடத்தில் ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுக்கிறான். தேவன் தன்னோடு வருகிறார் என்ற எண்ணம் அந்த இரவில் அவனுக்கு இருந்ததாக வேதம் சொல்லவில்லை.

சொப்பனத்தில் ஏணியைக் கண்டு விழித்தபின் அவன் சொல்லும் வார்த்தையை 16-ஆம் வசனத்தில் கவனியுங்கள். கர்த்தர் இப்போதுதான் வந்தார் என்று அவன் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே அங்கே இருந்தார், தனக்குத்தான் அது தெரியாமல் இருந்தது என்று அறிக்கையிடுகிறான். கல்லைத் தலையணையாக வைத்தபோதும் அது பெத்தேலே! அவன் தூங்கும்போதும் அது தேவனுடைய வீடே!

எம்மாவு ஊருக்குப் போன சீஷர்களும் அப்படியே. உயிர்த்தெழுந்த ஆண்டவர் பக்கத்தில் நடந்துவருகிறார், கேள்வி கேட்கிறார், வேதத்தை விளக்குகிறார். அவர்களோ, அவர் மரித்துப்போனார் என்று அவரிடத்திலேயே சொல்லி அழுகிறார்கள். வழிநெடுக உள்ளம் அனல்கொண்டதுகூட, அவர் மறைந்த பின்புதான் அவர்களுக்கு நினைவுக்கு வந்தது. அவர்கள் அறிந்துகொள்ளுமுன் எத்தனை தூரம் அவர் உடன் நடந்திருக்கிறார் என்று எண்ணிப்பாருங்கள்.

ஆகவே பிரியமானவர்களே, தேவனுடைய சமீபம் நம் உணர்ச்சியினால் உண்டாவதில்லை. அது அவருடைய வாக்குத்தத்தத்தின்மேல் நிற்கிறது. இம்மானுவேல் என்னும் நாமம் நாம் அவருக்குக் கொடுத்ததல்ல, அவர் நமக்குக் கொடுத்தது.

மலைமேல் அருகே வந்தவர்கள்

கொல்லிமலைக்கு இந்தச் சத்தியம் புதிதல்ல. இங்கிலாந்திலிருந்து மிஷனரியாக வந்த ஜெசி பிராண்ட் ஐயரும், அவர் மனைவி எவலின் அம்மையாரும் 1913-ல் விவாகமாகி, வாழவந்தி நாட்டில் குடியேறினார்கள். அந்நாட்களில் மேலே வரச் சாலை இல்லை. நடந்து ஏற வேண்டும், முடியாதவர்களை டோலியில் தூக்க வேண்டும். அவர்கள் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள், நரம்புச் சிலந்திப் புழுவை எடுத்தார்கள், பல் பிடுங்கினார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார்கள். வருஷங்கள் பல கடந்தும் ஞானஸ்நானம் பெற ஒருவரும் முன்வரவில்லை.

உலகமெங்கும் பரவிய இன்ஃபுளூயன்சா காய்ச்சல் 1918-ல் மலைக்கும் வந்தது. அவர்களை எதிர்த்துவந்த ஒரு பூசாரி நோயில் விழுந்தார். பயத்தினால் மற்றவர்கள் கிட்டே போகவில்லை. பிராண்ட் தம்பதியர் போனார்கள், கஞ்சி கொடுத்தார்கள், பணிவிடை செய்தார்கள். மரணப் படுக்கையில் அந்த மனிதர் தம் பிள்ளைகளை அவர்கள் கையில் ஒப்படைத்தார். அதன்பின்தான் மலையில் சபை முளைத்தது. அத்தனை வருஷப் பிரசங்கம் எட்டாத இடத்தை ஒரு கிண்ணம் கஞ்சி எட்டியது. கிட்டே வந்த மனிதர் மூலமாகத்தான் கிட்டே இருக்கிற தேவனை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

ஆனாலும் அந்த வீட்டிலும் இருள் வந்தது. மூத்த மகன் பால் ஒன்பது வயதாயிருந்தபோது, 1923-ல், அவரையும் தங்கை கோனியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். 1929 ஜூன் மாதத்தில், மலேரியாவோடு வரும் கொடிய கருநீர்க் காய்ச்சலில் ஜெசி பிராண்ட் மரித்தார். ஐம்பது வயதுகூட நிறையவில்லை. அவரை மலையிலேயே அடக்கம் செய்தார்கள்.

தகப்பன் இறந்த செய்தி தந்தி மூலம் பாலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் தகப்பன் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்தபடியால், தந்திக்குப் பின்னும் சில வாரங்கள் அவை வந்துகொண்டே இருந்தன. மலையின் மரங்களையும் பூக்களையும் அவற்றைப் படைத்த தேவனுடைய நன்மையையும் பற்றி அந்தக் கையெழுத்து பேசிக்கொண்டே இருந்தது. துக்கத்தின் நடுவே ஒரு சிறுவனுக்குக் கிடைத்த பற்றுகோல் எப்படிப்பட்டது பாருங்கள்! சில சமயங்களில் நம் கையிலும் வேறொன்றும் இராது. பிதா எழுதிய கடிதம் மட்டும் இருக்கும். ஆனால் நம் பிதாவோ மரிக்கிறவர் அல்லர்.

எவலின் அம்மையார் துக்கத்தில் மிகவும் ஒடுங்கிப்போனார். என்றாலும் மலையை மறக்கவில்லை. மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தபின்னும் தம் சொந்தப் பொறுப்பில் மலைக்கு வந்தார். கல்வராயன் மலை, பச்சைமலை வரைக்கும் குதிரையிலும் டோலியிலும் போய் ஊழியம் செய்தார். எலும்பு முறிந்தும், கோல்களை ஊன்றியே நடந்தும் நிற்கவில்லை. 1974-ல் 95-ஆம் வயதில் தேவனுடைய சமுகம் சேர்ந்தார். 1929 முதல் 1974 வரை எத்தனை ஆண்டுகள் என்று எண்ணிப்பாருங்கள். உணர்ச்சியின் வேகத்தில் 45 ஆண்டுகள் நடக்க எவராலும் கூடாது.

மரத்த கை கற்பித்த பாடம்

அந்தச் சிறுவன் பால் வளர்ந்து அறுவை மருத்துவராகி 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை, நல்ல தசைநாணை இடம்மாற்றித் தைத்து மீண்டும் விரியச் செய்த டாக்டர் பால் பிராண்ட் அவரே.

அக்காலத்தில் தொழுநோய் விரல்களை அழுகி விழச் செய்கிறது என்றே பலரும் நம்பினார்கள். டாக்டர் பிராண்டும் உடன் உழைத்தவர்களும் கூர்ந்து கவனித்து, விரல்கள் தேய்வதற்குப் பெரும்பாலும் காரணம் உணராத காயங்களே என்று காட்டினார்கள். நோய் நரம்பைக் கெடுக்கிறது. உணர்வு போகிறது. சூடான பாத்திரத்தைப் பிடித்தவர் கையை எடுப்பதில்லை. செருப்பில் கல் இருந்தாலும் நடக்கிறார். வலி என்னும் காவல்காரன் இல்லாததால் உடம்பு கொஞ்சங்கொஞ்சமாகச் சிதைகிறது. சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் நேரிடுவது ஏறக்குறைய இதுவே.

ஒருமுறை டாக்டர் பிராண்ட் நீண்ட ரயில் பயணத்துக்குப் பின் இரவில் காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கண்டார். ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்றெண்ணி இரவெல்லாம் கலங்கினார். விடிந்ததும் மறுபடியும் குத்தினார். சுரீரென்று வலித்தது! ஒரே நிலையில் நெடுநேரம் உட்கார்ந்ததால் நரம்பு அழுந்தியிருந்ததே காரணம். அன்று அவர் வலிக்காகத் தேவனைத் துதித்தார். அவருடைய குதிகால் இரவிலும் அங்கேதான் இருந்தது. அதை அவருக்கு உணர்த்தும் வழிதான் சற்று அடைபட்டிருந்தது.

போன உணர்வு பலருக்குத் திரும்புவதில்லை. அவர்களுக்கு மருத்துவர்கள் கற்பிப்பது பழக்கம். உணர்வு செய்யவேண்டிய வேலையை ஒழுங்கு செய்யும். தொழுநோய்க்கு 1980-கள் முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை இருக்கிறது, நோய் குணமாகிறது. ஆயினும் இன்றும் உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவிலேயே இருக்கிறார்கள். தாமதமாக வருகிறவர்களுக்கு இந்தப் பழக்கங்களே கைகால்களைக் காக்கின்றன.

நான்கு பழக்கங்கள்

நோயாளிகளுக்குச் சொல்லப்படும் நான்கு காரியங்களை நம் ஆத்துமாவுக்கும் பொருத்திப் பார்ப்போம்.

1. இரவில் பாதத்தைப் பார்த்தல். படுக்கைக்குப் போகுமுன் அன்றைய நாளைத் தேவனுக்கு முன்பாக விரித்துப் பாருங்கள். எங்கே காயப்பட்டோம்? யாரைக் காயப்படுத்தினோம்? எதிர்பாராத உதவி எந்த இடத்தில் வந்தது? நடக்கும்போது தெரியாதது திரும்பிப் பார்க்கும்போது தெரியும். எம்மாவு சீஷர்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

2. காலையில் செருப்பை உதறிப் போடுதல். உள்ளே கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தபின்பே அணிய வேண்டும். அதுபோல, நாளைத் தொடங்குமுன் ஒரு வேதபகுதியை வாசித்து, ஆண்டவரே, இன்று நான் போகிற இடத்தில் நீர் எனக்கு முன்னே இருக்கிறீர் என்று சொல்லிப் புறப்படுங்கள். மனம் உருகாவிட்டாலும் சொல்லுங்கள். அது மாய்மாலம் அல்ல, விசுவாசம்.

3. மற்றவரைப் பார்க்கச் சொல்லுதல். தன் உள்ளங்காலைத் தானே பார்க்க முடியாதவர்கள் உண்டு. அந்த விவசாயியின் புண்ணைக் கண்டவர் மனைவியே. நம் ஆத்துமாவிலும் நாம் காணக்கூடாத இடங்கள் இருக்கின்றன. ஜெபிக்க முடியாத நாட்களில் நமக்காக ஜெபிக்க ஒருவரைக் கேட்பது வெட்கமல்ல. திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்தார்கள். அவர்களுடைய விசுவாசத்தையே இயேசு கண்டார் (மாற்கு 2:5).

4. புண்ணோடு நடவாதிருத்தல். பாதத்தில் புண் வந்தால் ஆறும்வரை அதன்மேல் பாரம் வைக்கலாகாது. ஊழியத்திலும் குடும்பத்திலும் சோர்ந்துபோனவர்கள் இன்னும் வேகமாக ஓடி அதை மறைக்கப் பார்க்கிறார்கள். எலியா சூரைச்செடியின்கீழ் சாகவேண்டுமென்று கேட்டபோது, கர்த்தர் அவனுக்கு முதலாவது கொடுத்தது பிரசங்கம் அல்ல, தூக்கமும் அப்பமும் தண்ணீருமே (1 இராஜாக்கள் 19). ஓய்வும் அவருடைய சமீபத்தின் அடையாளமே.

ஓர் எச்சரிக்கை

இதை வாசிக்கும் சிலர், உணர்வு மரத்துப்போனது எங்கள் பாவத்தினாலோ என்று கலங்கலாம். பாவமும் நம்மை மரக்கச் செய்யும். அப்படி உணர்ந்தால் மனந்திரும்பி அறிக்கையிட வேண்டும். ஆனால் எல்லா மரப்பும் பாவத்தினால் வருவதில்லை. துக்கத்தினால் வரும், சரீர வியாதியினால் வரும், தூக்கமில்லாத நாட்களினால் வரும். மன அழுத்தமும் ஒரு நோயே. அதற்கு மருத்துவரிடம் போவது அவிசுவாசம் அல்ல. முள் ஏறிய மனிதரை எங்கள் சிஸ்டர் கடிந்துகொள்ளாததுபோல நாமும் துக்கப்படுகிறவர்களைக் கடிந்துகொள்ளாதிருப்போமாக.

88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அது வெளிச்சத்தில் முடிவதில்லை, இருளிலேயே முடிகிறது. ஆனாலும் அது ஜெபம். பதில் தெரியாமல் இரவும் பகலும் கூப்பிட்ட ஒருவருடைய ஜெபத்தைப் பரிசுத்த ஆவியானவர் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார். கைவிடப்பட்டேன் என்ற கதறல் சிலுவையில் நம் ஆண்டவருடைய வாயிலிருந்தே வந்ததே! ஆகையால் அந்த இருளிலும் அவர் அறியாத மூலை ஒன்றும் இல்லை.

உங்கள் பங்கு

பிரியமான பங்காளிகளே, நீங்கள் கொல்லிமலையைப் பார்த்திராமல் இருக்கலாம். ஆனால் ஒருவர் கட்டிலருகே சிஸ்டர் குனிந்து புண்ணைக் கழுவும்போது, உங்கள் காணிக்கை அங்கே கட்டுத்துணியாகவும் மருந்தாகவும் கால் காக்கும் செருப்பாகவும் இருக்கிறது. தேவன் உன் அருகில் இருக்கிறார் என்று ஒருவரிடம் சொல்லுமுன், நாம் அவர் அருகில் போயிருக்க வேண்டும். வியாதியஸ்தருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக ஆண்டவர் எண்ணிக்கொள்கிறார் என்று மத்தேயு 25-ல் காண்கிறோம். அப்படியானால் நோயாளியின் அருகில் போகிறவர்கள் தேவனை அங்கே கொண்டுபோகிறதில்லை. அங்கே இருக்கிறவரைச் சந்திக்கிறார்கள்.

அடுத்த முறை ஆலத்தூர் நாட்டுக்குப் போனபோது அந்தத் தாயைத் தேடிப் போனோம். முள் ஏறிய காலைப் பற்றிச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாமல் கேட்டார். பக்கத்து வீட்டு அக்காவோடு சேர்ந்து தினமும் இரவில் ஒரு சங்கீதம் வாசிக்கும்படியும், அந்த நாளில் நடந்த நன்மை ஒன்றைச் சொல்லி ஜெபிக்கும்படியும் கேட்டுக்கொண்டோம். அதற்கடுத்த மாதம் போனபோது எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தோம்.

"இன்னும் ஒண்ணும் தெரியலீங்க ஐயா. ஆனா தெனமும் பாக்கறேன்" என்றார்.

அந்தப் பதிலுக்காகக் கர்த்தரை ஸ்தோத்தரித்தோம். விளக்கை ஏற்றி அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் பார்க்காத இரவுகளிலும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் உறங்குகிறதில்லை.

குடும்ப ஜெபத்திலும் கூட்டங்களிலும் சிந்திக்க

1. யாக்கோபைப்போல, பின்னால் திரும்பிப் பார்த்தபோது மட்டும் தேவன் உடனிருந்ததை அறிந்த ஒரு சமயம் நம் வாழ்வில் உண்டா?
2. மேலே சொன்ன நான்கு பழக்கங்களில் நாம் கைவிட்டது எது? இன்றிரவே தொடங்கக்கூடியது எது?
3. நம் சபையில் துக்கத்தினால் மரத்துப்போன ஒருவர் யார்? இந்த வாரத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார நாம் ஆயத்தமா?

ஜெபம்

எங்களுக்குச் சமீபமாயிருக்கிற பிதாவே, உம்மை உணரும் நாட்களுக்காக உம்மைத் துதிக்கிறோம். உணராத நாட்களிலும் நீர் விலகாதிருப்பதற்காக இன்னும் அதிகமாய்த் துதிக்கிறோம். மரத்த கைகால்களோடு வாழ்கிறவர்களையும், மரத்த உள்ளத்தோடு ஜெபிக்கிறவர்களையும் தாங்கும். அவர்கள் அருகில் போக எங்களுக்குக் கால்களைத் தாரும். இயேசுவின் மூலமாய் வேண்டிக்கொள்ளுகிறோம், எங்கள் ஜீவனுள்ள நல்ல பிதாவே, ஆமென்.